ஆர்மிப் பெட்டிக்கு உடைத்த தேங்காய்

குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் உட்கார முடியவில்லை. காலையில் பாயை விட்டு எழ, சுவரைப் பிடித்துக்கொண்டு முதலில் ஒரு முழங்கால், பிறகு இன்னொன்று, பிறகு ஒரு கெட்ட வார்த்தை. என் மனைவி தெய்வானை கோடாலித் தைலம் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கைதான் எரிந்தது.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. மலாக்கா நகராட்சியின் ரோட்டுக் கும்பலில் பத்து வருடம் கல் சுமந்து, தார் ஊற்றிச் சம்பாதித்த இடுப்பு அது. ஐம்பத்தேழாம் வருடம், தைப்பூசம் முடிந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மருந்து கட்டும் டிரெசர் என் முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மருதப்பா, இன்னும் ரெண்டு வருஷம் நீ கல்லத் தூக்கு. அதுக்கப்புறம் நாலு பேரு உன்னத் தூக்கணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

கல் தூக்குவதைத் தவிர எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜப்பான் சண்டை முடிந்ததும் இரண்டு வருடம் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் டெப்போவில் தூக்குக் கூலியாக இருந்தேன். பழுதான ரேடியோப் பெட்டிகளை லாரியிலிருந்து பட்டறைக்கும், பட்டறையிலிருந்து லாரிக்கும் சுமப்பது வேலை. தூக்குகிற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. பார்த்தேன். கேட்டேன். திட்டு வாங்கினேன். கடைசி ஆறு மாதம் என் கையிலும் ஈயமும் சூட்டுக்கோலும் கொடுத்தார்கள். டெப்போவை மூடியபோது வெள்ளைக்காரன் கை குலுக்கினான், சர்ட்டிபிகேட் தரவில்லை. கூலிக்கு என்ன சர்ட்டிபிகேட்?

டிரெசர் சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிளேபாங்கில் ஒரு சீனனின் பழைய இரும்புக் கொட்டகையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பட்டாளத்து ஷார்ட்வேவ் ரிசீவர். பச்சைச் சாயம், எஃகு உடம்பு, நூறு ராத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. லாரி ஸ்பிரிங்குகளுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே எலி குட்டி போட்டு, குடித்தனம் நடத்தி, காலி செய்துவிட்டுப் போயிருந்தது. சீனன் அதை இரும்பு விலைக்கு நிறுக்கப் போனான். என்னிடம் காசு இல்லை. ஆறு ஞாயிறு அவன் லாரிக்கு இரும்பு ஏற்றித் தருகிறேன் என்றேன். ஏற்றினேன். இடுப்பைக் காப்பாற்ற இடுப்பைக் கொடுத்து வாங்கிய பெட்டி அது.

காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த நகராட்சி லயத்து வரிசை வீட்டில் கரண்டு கிடையாது. கரண்டு இருந்தது தமிழர் வாசகசாலையில். அதை நடத்திய சங்கத்தின் தலைவர் ஏகாம்பரம். ஜாலான் பெண்டஹாராவில் அவருக்குத் துணிக்கடை. ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். வேறு யாரும் நாற்காலி கேட்கவில்லை, கேட்டவனிடம் அவர் நன்கொடை கேட்பார். பின்னறையில் வைத்துப் பழுது பார்க்கிறேன், பேச ஆரம்பித்தால் சாயங்காலம் உறுப்பினர்கள் தமிழ்ச் செய்தி கேட்கலாம் என்றேன். சரி என்றார். காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலச் சட்டம் இருந்த நேரம். பட்டாளத்துப் பெட்டி என்றால் போலீஸ் ஆயிரம் கேள்வி கேட்கும். அதனால் ரேடியோ லைசென்சை வாசகசாலை பேரில் எடுத்தோம். அங்கேதான் நான் மாட்டினேன். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

ஐந்து மாதம். தினமும் தார் வாடையோடு வந்து, குளித்து, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு வாசகசாலைக்குப் போவேன். எலி மூத்திரம் பட்ட தகட்டை மண்ணெண்ணெய் விட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒயர்களின் ரப்பர் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொன்றாக அறுத்துப் புது ஒயர் போட்டேன். மெழுகு உருகி வழிந்திருந்த கண்டென்சர்கள் முப்பதுக்கு மேல். ஒன்பது வால்வில் இரண்டு செத்திருந்தன. தெய்வானையின் ஒரு ஜோடி வளையல் வால்வாகவும் கண்டென்சராகவும் மாறி அந்தப் பெட்டிக்குள் போனது.

“வாசகசாலையிலேயே பாயப் போட்டுக்குங்க,” என்றாள் அவள். “வளையல் அங்கதான இருக்கு, வேணும்னா நானும் வந்து பக்கத்துல படுத்துக்கிறேன்.”

பெட்டியில் நான் கை வைக்கத் தேவைப்படாத பொருள் ஒன்று இருந்தது: மெயின் டிரான்ஸ்பார்மர். வார்னிஷில் முக்கி எடுத்த கனத்த இரும்புக் கட்டி. பன்னிரண்டு வருடம் ஈரத்தில் கிடந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அதைத் துணியால் துடைத்ததோடு சரி.

சாமான்களை வாங்கியது டவுனில் கோ என்ற தவுக்கேயின், சீன முதலாளியின், ரேடியோக் கடையில். அவரும் நானும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். மாதக்கணக்காக நான் கேட்கிற சாமான்களை வைத்தே நான் எந்த இடத்தில் வேலை செய்கிறேன் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஜூலையில் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

“என் மெக்கானிக் ஆகஸ்டோடு சிங்கப்பூர் போகிறான். மேசை காலி. மூவாரில் ஒரு பையன் சர்ட்டிபிகேட்டோடு கேட்கிறான். நீ செப்டம்பர் ரெண்டு, திங்கட்கிழமை, அந்தப் பெட்டியைக் கொண்டு வா. ஒரு மணி நேரம் நிற்காமல் கொழும்பு ரேடியோ பேசினால் மேசை உனக்கு.”

“பேசும் தவுக்கே.”

“வாயால் எல்லாப் பெட்டியும் பேசும். கொண்டு வா.”

உட்கார்ந்து செய்கிற வேலை. மேலே காற்றாடி. நான் கடையை விட்டு வெளியே வந்து கடைவாசல் ஐந்தடிப் பாதையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் கொழும்பு வந்தது. முதலில் இரைச்சல், அப்புறம் விசில், அப்புறம் ஒரு பெண்பிள்ளை தெளிவாகத் தமிழில் நேரம் சொன்னாள். அன்றைக்குப் பத்திரிகை படிக்க வந்திருந்த கிழவர்கள் எல்லோரும் பின்னறைக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் ஏகாம்பரம் வந்தார், அத்தர் வாசனையோடு.

“என்ன மருதப்பா, சங்கத்து ரேடியோ பேசுதாமே!”

“என் ரேடியோங்க.”

“லைசென்ஸ் யாரு பேருல இருக்கு?” என்று கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார். “சும்மா சொன்னேன்லா. மூஞ்சியப் பாரு, தார் டின்னு மாதிரி.”

கூட வந்திருந்த காரியதரிசி கணேசமூர்த்தி சிரித்தான். தலைவர் சிரித்தால் சிரிப்பது அவன் உத்தியோகம்.

சுதந்திர தினத்தன்று, முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை காலை, வாசகசாலையில் விழா என்று முடிவு செய்தார்கள். கோலாலம்பூரில் நடப்பதை ரேடியோ மலாயாவில் எல்லோரும் கேட்பது. அதற்கு முன் பூஜை போட்டுப் பெட்டியைத் தலைவர் ‘திறந்து வைப்பது’. திங்கட்கிழமை எனக்குப் பெட்டி வேண்டும் என்றேன். தாராளமாக என்றார் ஏகாம்பரம்.

“தேங்காய வாசப்படில உடைங்க,” என்றேன். “பெட்டிக்குப் பக்கத்துல ஒரு சொட்டுத் தண்ணி வரக்கூடாது. மேல பூராவும் காத்து ஓட்டை. உள்ள முந்நூறு வோல்ட்டு ஓடுது.”

“எங்களுக்குத் தெரியாதா?”

“கணேசமூர்த்தி, நீயும் கேட்டுக்க.”

“கேட்டுட்டேன்ணே, கேட்டுட்டேன். ரேடியோவுக்கு ஜலதோசம் பிடிக்கும், அவ்வளவுதான?”

அந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கே பெட்டியை முன்கூடத்து மேசையில் ஏற்றி, ஏரியலைக் கட்டி, ரேடியோ மலாயாவைப் பிடித்து வைத்தேன். பேண்டு வாத்தியம் கணீரென்று வந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். தெய்வானை மற்றப் பெண்களோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் நெரிந்தது. பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பின், தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டிகள்கூட வந்து, மலாயில் பேசிக்கொண்டு வாசலில் நின்றார்கள். மேசைமேல் மாலை, சந்தனம், கற்பூரத் தட்டு. ஒருவன் சாம்பிராணியைக் கூடம் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அதுதான் என் இடம் என்று நினைத்தேன்.

“மருதப்பா,” என்றார் ஏகாம்பரம், “நாற்காலி பத்தல. கோயில் மடத்துல பெஞ்சு கிடக்கு. ஓடிப் போயி நாலு பெஞ்சு தூக்கிட்டு வா.”

“வேற யாராச்சும்…”

“உனக்குப் பழக்கம்தானேய்யா.”

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நான் அப்போது போயிருக்கக் கூடாது. போனேன். பத்து வருடம் ‘தூக்கு’ என்றால் தூக்கிய உடம்பு. காது கேட்டதும் கால் நடந்துவிடுகிறது. இதை நினைத்தால் ஏகாம்பரத்தைவிட என்மேல்தான் எனக்கு எரிகிறது.

முதல் நடையில் இரண்டு பெஞ்சைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டேன். பேண்டு கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் நடையில் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே தெரிந்தது: ரேடியோச் சத்தம் இல்லை. யாரோ கத்துகிறார்கள், ஆனால் பேண்டு இல்லை. பெஞ்சோடு ஓடினேன். பாதி வழியில் ஒரு உறுமல் கேட்டது. எனக்குத் தெரிந்த உறுமல் அது. டெப்போவில் கேட்டிருக்கிறேன். பிறகு ‘டப்’.

நடந்ததைத் தெய்வானை பிறகு சொன்னாள். வாசப்படியில் வெளிச்சம் சரியில்லை, பெட்டிப் பக்கம் வாருங்கள் என்றிருக்கிறான் போட்டோக்காரன். ஏகாம்பரம் தேங்காயைத் தூக்கிக்கொண்டு வந்து, உடைக்கக் கல் தேடி, கல் இல்லாமல், பெட்டியின் எஃகு மூலையிலேயே ஓங்கி அடித்திருக்கிறார். ஒரே அடி, இரண்டு பாதி. சகுனம் நல்ல சகுனம் என்று எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அத்தனையும் மேல் ஓட்டைகள் வழியாக உள்ளே போனது. பியூஸ் போனது. பேண்டு நின்றது.

பியூஸ் போனதோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் பியூஸ் போடுகிறோம். மூடியைத் திறந்து, துடைத்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் காய வைத்திருந்தால் திங்கட்கிழமை கொழும்பு பேசியிருக்கும்.

“என்னய்யா நின்னு போச்சு? கொடி ஏத்துற நேரம்!” என்று தலைவர் கத்தியிருக்கிறார். கணேசமூர்த்திக்கு வீட்டுப் பியூஸ் கட்டிப் பழக்கம். சிகரெட் டப்பாவிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்து, செத்த பியூஸைச் சுற்றி, திரும்பச் சொருகிவிட்டான். தெய்வானை எழுந்து நின்று கத்தியிருக்கிறாள்.

“தொடாதீங்க! அவரு வரட்டும்!”

“பொம்பளைங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா,” என்றானாம். சுவிட்சைப் போட்டுவிட்டான்.

பெட்டி உறுமியது. மேலே புகை வந்தது. கூடம் முழுக்கச் சாம்பிராணி. இந்தப் புகையும் சாமிப் புகைதான் என்று நான் உள்ளே வரும்வரை கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

நான் உள்ளே வந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். மூடியைக் கழற்றினேன். வால்வுகளின் இடுக்கில் தேங்காய்த் தண்ணீர் நின்றது. ஒரு சில்லுத் தேங்காய் டியூனிங் தகடுகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. டிரான்ஸ்பார்மர் கறுத்து, வார்னிஷ் கொதித்து வழிந்து, தாளிப்பு தீய்ந்த மாதிரி நாறியது.

“நல்ல நாளும் அதுவுமா முறைக்காத மருதப்பா,” என்றார் ஏகாம்பரம். “சாமிக்குன்னு செஞ்சது. இரும்புக் கடையில கிடந்த குப்ப. இத்தன நாளு ஓடுனதே பெரிசு.”

“குப்பையா?”

“ஆறு மாசம் ஓசிக் கரண்டு குடிச்சிருக்க. நான் ஏதாச்சும் கேட்டேனா?”

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மோதிரம் போட்ட கை. அதைக் கொண்டுபோய் டிரான்ஸ்பார்மர்மேல் வைத்து அழுத்தினேன்.

“தொட்டுப் பாருங்க. குப்ப சுடுதா?”

அலறினார். கணேசமூர்த்தி என்னைப் பின்னாலிருந்து இழுத்தான். தெருவில் ஏதோ கடையின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாடே கேட்டுக்கொண்டிருந்ததை எங்கள் வாசகசாலை மட்டும் கேட்கவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள், போட்டோக்காரன் வேறு நிற்கிறான். ஏகாம்பரம் விரலைச் சந்தனக் கிண்ணத்தில் முக்கிக்கொண்டு சொன்னார்.

“இப்ப என்ன, ஒரு டிரான்ஸ்பார்மர்தான? மாசா மாசம் சிங்கப்பூர் போறவன் நான். வாங்கியாந்து தரேன். எல்லாரும் கேட்டுக்குங்க. வாங்கித் தரேன்.”

திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துக் கோவின் கடைக்குப் போனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். குப்புறக் கவிழ்த்து, நான் பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் விளக்கைக் காட்டிப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

“என்ன இது, தேங்காயா?”

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“உன் கை நல்ல கை. ஆனால் பெட்டி பேச வேண்டும். பேசாத பெட்டியைக் காட்டி ஒருவனை மேசையில் உட்கார வைத்தால், நாளைக்கு என் மருமகனும் ஒரு பேசாத பெட்டியைக் கொண்டு வருவான்.” ஒரு துண்டுத் தாளில் டிரான்ஸ்பார்மரின் எண்களையும் அளவையும் எழுதினார். “சிங்கப்பூர், சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் கிடைக்கும். இந்த மாசம் முடிகிற வரைக்கும் மேசையை வைத்திருக்கிறேன்.”

நானே போயிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அந்தத் திங்கட்கிழமை மட்டத்துக்கே ரோட்டுக் கும்பலை மேய்க்கும் மண்டோர், இன்னொரு நாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டான். கழற்ற இன்னொரு ஜோடி வளையல் இல்லை.

பெட்டியை மறுபடி வாசகசாலைப் பின்னறையில் வைத்துவிட்டு, தாளை ஏகாம்பரத்தின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பத்தாம் தேதி சிங்கப்பூர் போனார். பதினான்காம் தேதி ஒரு லாரி துணியோடு வந்தார்.

“அட, மறந்தே போச்சுலா! ஒரே அலைச்சல். தாளு வேற சலவைக்குப் போயிருச்சு.”

கோவிடம் இன்னொரு தாள் எழுதி வாங்கிக் கொடுத்தேன். இருபத்தொன்றாம் தேதி போனபோது அவர் குரல் மாறியிருந்தது.

“எங் கையச் சுட்டவன் நீ. நான் போலீசுக்குப் போகல, அதுக்கே நீ கும்புடணும்.”

“சுட்டது நான்தான். அதுக்கு நீங்க போலீசுக்குப் போங்க, நான் வரேன். டிரான்ஸ்பார்மர் எங்க?”

“அது சங்கத்துச் சொத்துய்யா. லைசென்சு சங்கத்து பேருல. கமிட்டி கூடிப் பேசித்தான் வாங்க முடியும்.”

கமிட்டி கூடவில்லை. நான் கணேசமூர்த்தி வீட்டுக்குப் போனேன். அவன் சட்டையில்லாமல் வாசலுக்கு வந்து, “நான் என்னண்ணே செய்ய, தலைவரு சொன்னாரு, போட்டேன்,” என்றான். வெள்ளித்தாளைப் பற்றிக் கேட்டேன். “நல்லாத்தான சுத்துனேன்?” என்றான். அவனை அடித்து என்ன ஆகப்போகிறது?

செப்டம்பர் முப்பதாம் தேதி மாலை கோ கடையை மூடும் வரை எதிர்ப்பக்கம் நின்றேன். அக்டோபர் முதல் தேதி மூவார்ப் பையன் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது இருக்கும். சூட்டுக்கோலைப் பேனாவைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோ என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். நான் புக்கிட் ரம்பாய் ரோட்டுக்குப் போனேன். அங்கே அந்த வாரம் கல் கொட்டிக்கொண்டிருந்தோம்.

பெட்டியை மட்டும் வாசகசாலையில் விடவில்லை. தெய்வானையும் நானும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். தடுக்க வந்த கணேசமூர்த்தியை அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

“என் வளையல் உள்ள இருக்கு. வழிய விடுடா.”

வழி விட்டான்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை ஏகாம்பரத்தின் கடைக்குப் போனேன். கால் வைக்க இடமில்லை. பெண்கள் புடவைகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்துப் போனேன். வேலை உடுப்போடு, தார்க் காலோடு வாசலில் நின்று சத்தமாகக் கேட்டேன்.

“மொதலாளி, நான் துணி வாங்க வரல. சபையில வச்சு ஒரு சாமான் தரேன்னு சொன்னீங்க. எங்க?”

கடை திரும்பிப் பார்த்தது. ஏகாம்பரம் முகம் மாறாமல் அலமாரியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“இந்தா, பண்டிக நேரம். எடுத்துக்கிட்டுப் போ. கடனு தீந்துச்சு.”

ஒரு பெண் கேட்டாள்: “என்ன கடனுங்க?”

“ஒண்ணுமில்லம்மா, பழைய இரும்பு விசயம்.”

வேட்டியை வாங்கினேன். மடிப்புக் கலையாமல் அவர் கல்லாப்பெட்டிமேல் வைத்தேன். என் விரல் பட்ட இடத்தில் தார் ஒட்டிக்கொண்டது. அந்த வேட்டியை இனி அவர் விற்க முடியாது.

“என்ன கடன்னு கேட்டீங்கல்லம்மா, நான் சொல்றேன்,” என்றேன். கல்லுக் கும்பலில் கத்திப் பழகிய குரல். கடைசி வரிசை வரைக்கும் போனது. தேங்காயைச் சொன்னேன், வெள்ளித்தாளைச் சொன்னேன், தவுக்கே கடை மேசையைச் சொன்னேன். ஏகாம்பரம் ஆளை விட்டு என்னை வெளியே தள்ளினார். நடுத்தெருவில் நின்று மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன். கடைப் பையன் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடுகிறான். முதலாளி இல்லை என்கிறார்கள். இருக்கிறார், அத்தர் வாசனை தெருவரைக்கும் வருகிறது. இல்லாவிட்டாலும் வாங்க வந்தவர்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன். போன மேசை போனதுதான், அதை அவரால் திருப்பித் தர முடியாது, அதை நான் கேட்கவும் இல்லை. நான் கேட்பது சபையில் வைத்து அவர் வாயால் ஒப்புக்கொண்டதை. துணிக்கடை ஏகாம்பரம் எனக்கு ஒரு மெயின் டிரான்ஸ்பார்மர் தர வேண்டும். இன்றுவரை தரவில்லை.